கரி ஊதிய நேரம்

கப்பலில் எல்லோரும் அவரைப் புகையார் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடங்களில் ஏழு கப்பல் மாறியும் அந்தப் பெயர் அவருக்கு முன்பாகவே போய் ஏணியருகே காத்து நின்றது. ஆயிலர் வேலை. எஞ்சின் அறையில் எண்ணெய் பார்ப்பது, வால்வு திறப்பது, அளவு குறிப்பது, துடைப்பது, மறுபடியும் துடைப்பது. பேர் வாங்கும்படி அதில் ஒன்றுமில்லை. ஆனால் கரி ஊதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கப்பலில் வெந்நீருக்கும் அறைகளைச் சூடாக வைப்பதற்கும் ஒரு கொதிகலன் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும். எண்ணெய் எரிந்த புகை வெளியேறும் வழியில் குழாய்களின் மேல் கரி படியும். அப்படியே விட்டால் சூடு ஏறாது, எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும், ஒருநாள் அந்தக் கரியே தீப்பிடிக்கும். அதனால் தினம் ஒருமுறை நீராவியை வேகமாக உள்ளே திருப்பிவிட்டு, படிந்ததையெல்லாம் புகைபோக்கி வழியாக வெளியே துரத்துவார்கள். இரண்டு நிமிட வேலை. தூரத்தில் நின்று பார்த்தால் கப்பல் ஒருமுறை கறுப்பாக இருமியது போல இருக்கும். காற்று பக்கவாட்டில் அடிக்கும் நேரமாகப் பார்த்து ஊத வேண்டும். தவறினால் எல்லாம் மேல்தளத்தில் கொட்டும். அப்போதுதான் தளம் கழுவி முடித்தவர்கள் துடைப்பத்தோடு படியிறங்கி வந்து, எஞ்சின்காரர்களின் பரம்பரை முழுவதையும் விசாரித்துவிட்டுப் போவார்கள். புகையாரை விசாரிக்க ஒருவரும் இறங்கி வந்ததில்லை. அவர் ஊதிய கரி நேராகக் கடலுக்குப் போனது. கடலில் விழுந்த கரியை யார் தேடப்போகிறார்கள்? அவரும் தேடியதில்லை.

வயது ஐம்பத்து நான்கு. ஒரு துறைமுக ஊரில், லிஃப்ட் வேலை செய்யும் நாளைவிடச் செய்யாத நாள் அதிகமுள்ள கட்டடத்தில், நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு. வருடத்தில் மூன்று மாதம் அங்கே இருப்பார். மற்ற ஒன்பது மாதமும் அந்த வீட்டில் மகள் மட்டும். மருந்துக் கடை கவுண்டரில் நிற்கிற வேலை அவளுக்கு.

மனைவி இறந்தபோது புகையார் கடலில் இருந்தார். செய்தி வந்து, அடுத்த துறைமுகம் வந்து, விமானம் பிடித்து வீடு சேரப் பதினோரு நாள் ஆனது. அதற்குள் பத்தொன்பது வயதுப் பெண் எல்லாவற்றையும் தனியாளாக முடித்து, வீட்டைக் கழுவி, பிரிக்காத மருந்துகளைக் கடையில் திருப்பிக் கொடுத்திருந்தாள். கதவைத் திறந்தவள், "சாப்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவள் அழவில்லை. அவளுக்கு முன்னால் அழ அவருக்கும் கூச்சமாக இருந்தது. அதிலிருந்து ஆறு வருடமாக அவர்களுடைய போன் பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. எப்படி இருக்க? இருக்கேன். நீங்க? எனக்கென்ன. சரிப்பா, வைக்கவா.

அந்த வருடம் அவருடைய கப்பல் ஆராய்ச்சியாளர்கள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு துருவக் கடலுக்குப் போனது. கடலின் மேலேயே உறைந்து, தரை போலப் பரந்து கிடந்த பனியின் விளிம்பில் கப்பலைக் கட்டினார்கள். மூன்று வாரம் அங்கே நிற்க வேண்டும். கோடைக்காலம். சூரியன் மறையவே இல்லை. மாடு செக்கைச் சுற்றுவது போல வானத்தைக் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் அறையிலிருந்து மேலே வருகிறவர்களுக்குக் காலையா மாலையா என்பது சாப்பாட்டு மணியை வைத்துத்தான் தெரிந்தது.

ஆறு பேரில் ஐந்து பேர் கடல்நீரைச் சோதிக்க வந்தவர்கள். கூட்டமாகச் சாப்பிட்டு, கூட்டமாகச் சிரித்தார்கள். ஆறாவது ஆள் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பனியைப் பார்க்க வந்தவர். சாப்பாட்டு அறையில் மூலை மேசையில் தனியாக, ஒரு கையில் கரண்டியும் மறுகையில் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார். பணியாளர்கள் அவருக்குப் பனியம்மா என்று பெயர் வைத்தார்கள்.

வந்த இரண்டாம் நாள் அவர் எல்லோருக்கும் பத்து நிமிடம் விளக்கம் சொன்னார். பாதிப் பேர் தூங்கினார்கள். புகையார் தூங்கவில்லை, பேச்சு கரியைப் பற்றியதாக இருந்ததால். புதுப் பனி தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால்தான் அது பனியாகவே இருக்க முடிகிறது என்றார் பனியம்மா. அதில் கரித்தூள் கலந்தால் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு டன் பனிக்கு ஒரு சிட்டிகைகூட வேண்டாம், அதில் ஒரு துணுக்குப் போதும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சூடு ஏறும். சூடு ஏறினால் பனியின் மணிகள் பருக்கும். பருத்த மணி இன்னும் கொஞ்சம் வெயிலை உள்ளே விடும். இப்படி ஒன்று மற்றொன்றைத் தள்ளிக்கொண்டே போய், பனி சில நாள் முன்னதாகவே உருகும். உருகிய இடத்தில் கறுத்த கடல் வெளியே வரும். கடலோ விழுந்த வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். அந்தச் சூடு பக்கத்துப் பனியையும் தின்னும். இத்தனைக்கும் காரணமான கரி, மனிதர்களே இல்லாத இந்த இடத்துக்கு வெளியூரிலிருந்து காற்றில் வருகிறது. காட்டுத்தீ, அடுப்பு, லாரி, கப்பல்.

ஒவ்வொரு கோடையிலும் தொலைதூரக் காடுகள் எரியும் புகை இந்தப் பனிவரை வந்து படிகிறது என்பது அவருடைய சந்தேகம். இந்தப் பக்கத்தில் இதுவரை யாரும் அதைப் பிடித்ததில்லை. முந்தைய இரண்டு கோடையும் அவர் வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தார். இதுதான் கடைசி முறை என்று அவருடைய அலுவலகம் சொல்லிவிட்டது.

அவருடைய வேண்டுகோளின்படி கேப்டன் ஒரு உத்தரவு ஒட்டினார். பனியிலிருந்து கடல் பக்கமாகக் காற்று அடிக்கும்போது மட்டுமே கரி ஊத வேண்டும். கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் கேட்டு அனுமதி வாங்கி, ஊதிய நேரத்தைக் கரிப் புத்தகத்தில் எழுத வேண்டும். உத்தரவைப் படித்துவிட்டு இரண்டாம் எஞ்சினியர் சொன்னார்: "இனிமே உங்களுக்குத் தொண்டை கமறினாக்கூட மேல கேட்டுட்டுத்தான் இருமணும், புகையாரே."

இரண்டாம் எஞ்சினியரை எல்லோரும் செகண்ட் என்பார்கள். புகையாரைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனிதர். எஞ்சின் அறையில் புகையாரின் முறை, கப்பல் பேச்சில் காவல் நேரம், பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு. சாட்டிலைட் போன் இருந்த சின்ன அறையைப் பணியாளர்களுக்குத் திறந்துவிடுவது இரண்டிலிருந்து நான்கு. மகளுடைய மதிய ஓய்வு வேளையும் சரியாக அப்போதுதான். காவல் நேரத்தில் போன் பக்கம் போகக் கூடாது என்பது விதி. "நான் பிரஷர் கேஜைப் பார்த்துட்டு நிக்கிறேன். எனக்கு முதுகுல கண்ணு கிடையாது" என்பது செகண்ட் கொடுக்கும் அனுமதி.

பதினோராம் நாள். மதியம் இரண்டு பத்துக்குப் புகையார் பிரிட்ஜைக் கூப்பிட்டார். காற்று பனியிலிருந்து கடலுக்குத்தான், ஊதலாம் என்றார் அங்கிருந்த அதிகாரி. புகையார் கரிப் புத்தகத்தை எடுத்து இரண்டு பத்து என்று எழுதினார். ஊதுவதற்கு முன்பே நேரத்தை எழுதிவிடுவது எல்லா ஆயிலர்களுக்கும் உள்ள பழக்கம். வால்வைத் தொட்ட பிறகு கை கறுத்துவிடும், புத்தகம் பாழாகும். எழுதுவதற்கும் ஊதுவதற்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால் அது பொய்க் கணக்காக யாருக்கும் தோன்றியதில்லை.

அன்று புத்தகத்தை மூடும்போது செகண்ட் வந்து, போன் அறை காலியாம், எல்லாரும் பனியில் விளையாடப் போய்விட்டார்களாம் என்றார். புகையார் மேலே போனார். எப்படியும் இரண்டு நிமிடத்தில் சரிப்பா வைக்கவா வந்துவிடும்.

மகள் அன்று வேலைக்குப் போகவில்லை. சமையலறைக் குழாய் மூன்று நாளாக ஒழுகுகிறது, வருகிறேன் என்ற பிளம்பர் வரவில்லை, தரையெல்லாம் தண்ணீர், கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். பிறகு, "வைக்காதீங்கப்பா, நீங்க சொல்லுங்க, நான் பண்றேன்" என்றாள்.

வைக்காதீங்க என்று அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"முதல்ல வெளிக்குழாயை மூடு. பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி இருக்கும்."

"மூடிட்டேன்."

"ஸ்பேனர் எடு. கட்டிலுக்கு அடியில பச்சைப் பெட்டி."

"பச்சைப் பெட்டியில உங்க பழைய சட்டைதான் இருக்கு."

"சட்டைக்கு அடியில."

"இத்தனை சட்டையை யாருக்குப்பா சேர்த்து வச்சிருக்கீங்க? ... ம், கிடைச்சிருச்சு."

"இப்ப தலையைப் பிடிச்சு இடது பக்கம் திருப்பு."

"எனக்கு இடதா, குழாய்க்கு இடதா?"

புகையார் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுடைய அம்மாவுடையது மாதிரியே இருந்தது. அதற்கு அவர் தயாராக இல்லை. திருகு கழலவில்லை, துணி சுற்றித் திருப்பச் சொன்னார். பழைய வாஷர் நைந்திருந்தது. புதிதுக்கு எங்கே போவது என்று தேடி, கடைசியில் அவருடைய பெட்டியிலேயே ஒரு தீப்பெட்டிக்குள் நான்கு கிடந்தன. எல்லாம் மாட்டி, தண்ணீரைத் திறந்து, ஒழுகுகிறதா என்று இருவரும் போனைப் பிடித்தபடி ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க பக்கத்துல இருந்தா அஞ்சு நிமிஷ வேலைப்பா இது" என்றாள் மகள்.

கீழே வந்தபோது மணி இரண்டு ஐம்பது. உடம்பே லேசாக இருந்தது. வந்த கையோடு வால்வைத் திறந்தார். இரண்டு நிமிடம். மூடினார். கையைத் துடைத்தார். பிரிட்ஜை மறுபடி கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. கேட்டாயிற்று, எழுதியாயிற்று. பிரிட்ஜ் அதிகாரிக்கும் அந்த விஷயம் இரண்டு பத்தோடு முடிந்துபோனது. காற்று இரண்டரை வாக்கில் திரும்பிப் பனி பக்கமாக அடிக்க ஆரம்பித்ததை அவர் வழக்கம்போலத் தன் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் மகள் பேசினாள். குழாய் நின்றுவிட்டது, கீழ்வீட்டுக்காரர் அவளையே தன் வீட்டுக் குழாயைப் பார்க்க முடியுமா என்று கேட்டாராம். மருந்துக் கடைக்கு ஒருவர் தன் பூனைக்குத் தூக்க மாத்திரை கேட்டு வந்தாராம். பூனை தூங்குகிறது, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டாராம். ஒருநாள் பன்னிரண்டு நிமிடம், மறுநாள் பதினாலு. புகையார் கதை கேட்கிற பிள்ளை மாதிரி ம் கொட்டிக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் நாள் காவல் முடிந்து, கால் நீட்ட ஏணி வழியே பனியில் இறங்கினார். அதுவரை அவர் அதில் நடந்ததே இல்லை. முந்நூறு அடி தாண்டியதும் பனியின் முகம் அம்மைத் தழும்பு விழுந்தது போல இருந்தது. குனிந்து பார்த்தார். ஊசியால் குத்தியது போல ஆயிரக்கணக்கான துளைகள். ஒவ்வொரு துளையும் விரல்நுனி ஆழம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கரித்துணுக்கு. வெயிலைப் பிடித்துத் தன் காலடிப் பனியை உருக்கி, தானே தோண்டிய கிணற்றுக்குள் அது இறங்கியிருந்தது. கையுறையைக் கழற்றி ஒன்றை எடுத்து விரலில் தேய்த்தார். வழவழப்பில்லாத, சற்றே ஒட்டுகிற அந்தக் கரியை அவர் இருபத்திரண்டு வருடமாக அறிவார். தன் கரி எங்கே போய் விழுகிறது என்று மட்டும் முதல்முறையாகப் பார்த்தார்.

பதினோராம் நாள் தாமதமாக ஊதியதுதான் என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஆனாலும் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கப்பலின் அழுக்கு கப்பலைச் சுற்றி விழும் என்று தெரிந்துதான் பனியம்மா சோதனைக்குப் பனி எடுக்கும் முதல் குழியையே ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தோண்டியிருக்கிறார். இந்தத் துணுக்கெல்லாம் அவ்வளவு தூரம் பறக்காது.

பதினாலாம் நாள் சாப்பாட்டு அறையில் பனியம்மா மூலை மேசையில் இல்லை. மற்ற ஐந்து பேரோடு உட்கார்ந்து, கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். குழிகளின் மேலடுக்குப் பனியை உருக்கி வடிகட்டியதில் வடிதாள்கள் சாம்பல் நிறமாக வந்திருந்தன. வழக்கத்தைப்போல ஏழெட்டு மடங்கு கரி. ஊரிலிருந்து வந்த தகவல்படி மூன்று வாரமாகக் காடுகள் எரிகின்றன. எல்லாம் பொருந்தி வருகிறது. ஐந்து பேரில் ஒருவர், இது நம் கப்பல் கரியாக இருக்கப்போகிறது என்று சீண்டினார்.

"கரிப் புத்தகத்தைப் பார்த்துட்டேன். பிரிட்ஜோட காத்துக் குறிப்பையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டேன். ஒரு நாள்கூடப் பனி பக்கமா ஊதல. இந்தப் புத்தகம் எழுதுறவர் ரொம்ப ஒழுங்கு" என்றார் பனியம்மா.

பக்கத்து மேசையில் புகையார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஏன் தாமதம் என்று கேட்பார்கள். போன் என்று சொல்ல வேண்டும். காவல் நேரப் போன் அத்தோடு முடிந்தது. ஊர் போய்ச்சேர இன்னும் ஐந்து வாரம். செகண்டுக்கும் பேச்சு விழும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்: ஒன்றும் ஆகாது. புத்தகம் சுத்தமாக இருக்கிறது. பனி உருகிப் போகும். அந்தப் பெண் ஊர் போய்த் தன் மூன்று வருடத்து ஆசையை அச்சில் பார்ப்பார். யாருடைய சோற்றிலும் மண் விழாது. அடுப்புக் கரியோ, காட்டுக் கரியோ, கப்பல் கரியோ, எல்லாம் கரிதானே.

மறுநாள் மகள் போனில் பேசும்போது, "நாளைக்கும் கூப்பிடுவீங்கல்ல?" என்று கேட்டாள். அவர் கூப்பிடுகிறேன் என்றார். அன்று நான்கு மணிக்குக் காவல் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு, மேல்தளத்தில் பனியம்மாவின் ஆய்வறையாக இருந்த இரும்புப் பெட்டியின் கதவைத் தட்டினார்.

உள்ளே இரண்டு முக்காலி, ஒரு மேசை, வெதுவெதுப்பான தொட்டியில் உருகிக்கொண்டிருக்கும் பனிப் பைகள். பனியம்மா உற்சாகமாக வடிதாள்களை வரிசையாக எடுத்துக் காட்டினார். சட்டைப் பொத்தான் அளவு வட்டங்கள். ஒரு கிலோமீட்டரில் எடுத்த இரண்டும் நன்றாகச் சாம்பல். இரண்டில் எடுத்தது அதைவிடக் குறைவு. நான்கில் எடுத்தது கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது.

"தூரம் போகப் போகக் குறையுதே" என்றார் புகையார்.

"அதுதான் எனக்கும் முதல்ல உறுத்துச்சு. அதனாலதான் புத்தகத்தைப் பார்த்தேன்."

"புத்தகத்துல நேரம் தப்பும்மா."

பனியம்மா தாளை வைத்தார்.

"ரெண்டு பத்துக்குக் கேட்டேன், எழுதினேன். ஊதினது ரெண்டு அம்பதுக்கு. காத்து திரும்பினது எனக்குத் தெரியாது. நான் பார்க்கல."

"நாப்பது நிமிஷம் என்ன பண்ணீங்க?"

"போன்ல இருந்தேன். மகளோட."

கத்துவார் என்று புகையார் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நிற்பதற்கு வசதியாக இருந்திருக்கும். பனியம்மா அட்டவணையை இழுத்து முதல் மூன்று வரியைக் கோடு போட்டு அடித்தார். ஸ்கேல் வைத்து, நேர்க்கோடாக. நான்காவது வரியில் பென்சில் நின்றது.

"நாலு கிலோமீட்டர் வரைக்கும் போயிருக்குமா?"

போயிருக்காதும்மா என்று வாய் வரை வந்துவிட்டது. அந்த ஒரு வரியாவது பனியம்மாவுக்கு மிஞ்சும். கரி விஷயத்தில் புகையார் சொன்னால் கப்பலில் மறுபேச்சு கிடையாது, இவரும் நம்புவார். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் ஊதிய கரியை ஒருநாளும் பின்னால் போய்ப் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

நான்காவது வரியும் போனது. பிறகு பனியம்மா ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "எழுதிக் குடுத்துடுங்க. நேரம், காரணம், எல்லாம்."

புகையார் நின்றபடியே எழுதிக் கொடுத்தார். மதியம் 2.50. தாமதத்துக்குக் காரணம்: சொந்தப் பேச்சு.

அந்தத் தாள் தலைமை எஞ்சினியரிடம் போனது. அவர் அதிகம் பேசவில்லை. காவல் நேரத்தில் போன் அறைப்பக்கம் போகக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். செகண்டைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அந்தப் பேச்சு நீண்டது. திரும்பி வந்த செகண்ட் கருவிகளைப் பார்த்தபடியே, "சொல்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்ல" என்றார். அதற்கப்புறம் வேலைக்கு வேண்டிய வார்த்தைகள் மட்டும்தான். புகையாரே என்று கூப்பிடுவது நின்று, ஆயிலர் ஆனது. சாப்பாட்டு அறையில் பனியம்மா மூலை மேசைக்கே திரும்பியிருந்தார். புகையார் எதிர் மூலையில். நடுவில் எல்லா மேசையும் கலகலவென்றிருந்தது.

மகளுக்கு ரேடியோ அறை வழியாகப் பத்து வார்த்தைக்குள் ஒரு செய்தி அனுப்பலாம் என்றார்கள். காரணம் எழுதினால், தன் குழாயால்தான் வந்தது என்று அவள் எடுத்துக்கொள்வாள். எழுதி அடித்து, எழுதி அடித்து, கடைசியில் அனுப்பியது: "ஐந்து வாரம் போன் இல்லை. வேலை. நலம். குழாய் ஒழுகுகிறதா?" மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "இல்லை." பத்து வார்த்தைக்கு இடம் இருந்தும் அவள் ஒன்றுதான் எழுதியிருந்தாள். அது குழாயைப் பற்றியதுதானா என்று அவர் காவல் முழுக்க யோசித்தார்.

கப்பல் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது தலைமை எஞ்சினியர் அவரைக் கூப்பிட்டு, பனியம்மாவுக்குக் குழி தோண்ட ஒரு ஆள் வேண்டுமாம், காலையில் உன் ஓய்வு நேரத்தில் போகிறாயா என்று கேட்டார். யாரையாவது அனுப்புங்கள் என்றாராமா, தன்னைத்தான் கேட்டாராமா என்று புகையார் விசாரிக்கவில்லை. ஏணியடியில் பனியம்மா ஒரு புது வெள்ளை உறையாடையை நீட்டினார். "இதைப் போட்டுக்குங்க. உங்க மேல எல்லாம் கரி." குற்றம் சொல்லும் குரல் இல்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார்.

பதினோராம் நாள் காற்று போன திசையை விட்டு விலகி, பனி விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் ஐந்து கிலோமீட்டர். மோட்டார் வண்டி புகைவிடும் என்பதால் கையால் இழுக்கிற சறுக்குப் பலகைதான். கயிற்றைத் தோளில் போட்டு இருவரும் மாற்றி மாற்றி இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் கப்பல் கட்டைவிரல் அளவு இருந்தது, பிறகு நகத்தளவு. காற்றுக்கு முகம் காட்டி நின்று தோண்ட வேண்டும், நம் மூச்சுகூடக் குழிக்குள் போகக் கூடாது என்றார் பனியம்மா. புகையார் அப்படியே நின்று இடுப்பளவு தோண்டினார். குழியின் சுவரிலிருந்து பனியம்மா அடுக்கு அடுக்காகப் பனியைச் சீவிப் பைகளில் போட்டு, பையின் மேல் நேரம் எழுதினார். ஒவ்வொரு பையையும் மூடிய பிறகுதான் எழுதினார் என்பதைப் புகையார் கவனித்தார்.

திரும்பி வந்ததும் அவர் போய்விடவில்லை. இரும்புப் பெட்டியின் வாசலில் நின்றார். முதல் பை உருகி, வடிந்து, வடிதாள் இடுக்கியில் மேலே வந்தது. பனியம்மா விளக்கின் கீழே பிடித்தார். வெள்ளை. இல்லை, முழு வெள்ளை இல்லை. பக்கத்தில் புதுத்தாளை வைத்தபோது, நாள்பட்ட தலையணை உறை அளவுக்கு ஒரு மங்கல்.

"இது என்னோடதாம்மா?"

"இல்ல. இந்தப் பக்கம் அன்னிக்குக் காத்து வரவே இல்ல. இந்தத் தடவை ரெண்டு அம்பதுக்கு என்ன காத்துன்னு பிரிட்ஜ் புத்தகத்துல நானே போய் உக்காந்து பார்த்தேன்."

"அப்ப காடா?"

"காடா இருக்கலாம். அடுப்பா இருக்கலாம். லாரி, கப்பல், எதுவா வேணா இருக்கலாம். இவ்வளவு கொஞ்சத்தை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது. நான் தேடி வந்தது இதுல இல்ல."

புகையார் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊதினவங்களுக்குத் தெரியுமா, இங்க வந்து விழுந்திருக்குன்னு?"

"எப்படித் தெரியும்?"

அடித்துப்போட்ட நான்கு வரிகளுக்குக் கீழே பனியம்மா அந்தச் சின்ன எண்ணை எழுதினார். பக்கத்தில் நேரத்தையும் இடத்தையும் எழுதினார். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். இன்னும் ஆறு பைகள் தொட்டியில் கிடந்தன. ஒன்று உருக இருபது நிமிடம் ஆகும்.

பன்னிரண்டு மணிக் காவலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. புகையார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று கேட்டார். பனியம்மா தலை நிமிராமல், இரண்டாவது முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். அவர் வெள்ளை உறையாடையோடு உட்கார்ந்தார். அடுத்த பை உருகுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.